நானே தோண்டும் குழியா இது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 43. ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது டீம் லீடர். போன வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரு ஏ.ஐ. மென்பொருள் வந்தது. மருத்துவமனை பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் அதுவே படித்து, பாலிசி விதிகளோடு ஒப்பிட்டு, பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுகிறது. பன்னிரண்டு பேர் இருந்த டீமில் இப்போது ஏழு பேர்தான். போன ஐந்து பேரில் நான்கு பேர் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளைகள். மென்பொருள் தப்பு செய்யும் இடங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் இப்போது என் முக்கிய வேலை. என் குழியை நானே தோண்டுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. கணவர், "மூன்று மாதச் சம்பளம் போனாலும் பரவாயில்லை, ஏதாவது ஏ.ஐ. கோர்ஸில் சேர்ந்துவிடு" என்கிறார். மாமியார் படுக்கையில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஆன்லைனில் தனி வேலைகள் எடுத்துச் செய்யலாமா என்றும் தோன்றுகிறது. மகள் பள்ளி முடிக்கப் போகிறாள், என்ன படிக்கலாம் என்று கேட்கிறாள். எனக்கே வழி தெரியாதபோது அவளுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது குழி பற்றிய வரியை அல்ல. போனவர்களில் நால்வர் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான். நீங்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கான துப்பு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் ஓர் ஆறுதலை ஒதுக்கி வைத்துவிடுவோம்.

"ஒரு வேலை போனால் இன்னொன்று வரும், கவலைப்படாதே" என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். மொத்தமாகப் பார்த்தால் அது சரிதான். அமெரிக்காவில் 2018-ல் வேலை பார்த்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர், 1940-ல் அந்தப் பெயரிலேயே இல்லாத வேலைகளில் இருந்தார்கள் என்று பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் பழைய வேலையில் இருந்த அதே ஆட்கள்தான் புதிய வேலைக்குப் போனார்களா? இதற்கு டெலிபோன் ஆபரேட்டர்களின் கதையைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியாது.

ஆபரேட்டர் இல்லாமலேயே இணைப்புக் கொடுக்கும் கருவிக்கு 1891-லேயே ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். மனிதர் சவ அடக்கத் தொழில் செய்துவந்தவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில்தான் அதைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அந்தத் தானியங்கி முறை ஊர் ஊராகப் பரவியது 1920-க்கும் 1940-க்கும் இடையில்தான். அப்போது இளம்பெண்களுக்குக் கிடைத்த பெரிய வேலைகளில் ஒன்று டெலிபோன் இணைப்பகம். ஜேம்ஸ் ஃபைகன்பாம், டேனியல் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளைப் புரட்டி, அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். அடுத்து வந்த தலைமுறைப் பெண்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அலுவலகச் செயலர், உணவகப் பணி என்று வேறு வேலைகளுக்குப் போனார்கள். ஆனால் முறை மாறியபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்? பத்து வருடம் கழித்துப் பார்த்தால், மாற்றம் வராத ஊர்களின் ஆபரேட்டர்களைவிட இவர்களில் அதிகம் பேர் வேலையிலேயே இல்லை. வேலையில் இருந்தவர்களிலும் பலர் குறைந்த சம்பளத்துக்கு இறங்கியிருந்தார்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மகளைப் பற்றிய கவலையும் உங்களைப் பற்றிய கவலையும் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அவளுக்கு இன்னும் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது. நாற்காலியில் இருப்பது நீங்கள்.

அதே சமயம், ஆரூடக்காரர்களை அப்படியே நம்பவும் வேண்டாம். 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், 702 தொழில்களை எடுத்துப் பார்த்து, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் கணினிமயமாகும் ஆபத்தில் இருக்கின்றன என்றார்கள். மூன்று வருடம் கழித்து, வளர்ந்த நாடுகள் பலவற்றின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.க்காக வேறு மூவர் அதே கேள்வியை எடுத்தார்கள். தொழிலை முழுசாகப் பார்க்காமல், அதற்குள் ஒரு ஆள் தினமும் செய்யும் தனித்தனி வேலைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 47 என்பது 9 ஆகிவிட்டது! 2016-ல் ஜெஃப்ரி ஹின்டன், இனி ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவிப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். ஏ.ஐ.யின் பிதாமகர்களில் ஒருவர் என்று உலகம் கொண்டாடும் மனிதர். இன்றைக்குப் பல நாடுகளில் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பற்றாக்குறை. ஸ்கேன் படத்தைப் படிப்பதில் கணினி நன்றாகவே முன்னேறியது. ஆனால் படம் பார்ப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். எந்த ஸ்கேன் தேவை என்று சிகிச்சை செய்யும் டாக்டரோடு பேசுவது, பழைய படத்தோடு ஒப்பிட்டு இது ஆபத்தா இல்லையா என்று தீர்மானிப்பது, கடைசியில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது என்று மீதியும் இருக்கிறது.

அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்திலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

உங்கள் துறைக்கு வருவோம். அலுவலக எழுத்தர் வேலைகள்தான் இந்தப் புதுத் தொழில்நுட்பத்தின் நேர் பாதையில் இருக்கின்றன என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் சொன்னது. இதில் ஆண்களைவிடப் பெண்களின் வேலைகள் இரண்டு மடங்குக்கு மேல் பாதிக்கப்படலாம் என்றும் சொன்னது, ஏனென்றால் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆகவே உங்கள் பயம் கற்பனை இல்லை. "குழி" என்கிறீர்களே, அதற்கும் ஓர் ஆதாரம் தருகிறேன். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 5,179 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஏ.ஐ. உதவியோடு வேலை செய்தபோது சராசரியாக 14 சதவீதம் வேகம் கூடியது. புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். கைதேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எப்படி? கைதேர்ந்தவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைத்தான் அந்த மென்பொருள் கற்றுக்கொண்டு புதியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது. உங்களைப் போன்றவர்களின் அனுபவம் உங்களிடமிருந்து கழன்று நிறுவனத்தின் சொத்தாக மாறுகிறது. இதைத்தான் நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள்.

அப்படியானால் புதியவர்கள் பிழைத்தார்கள் என்றுதானே தோன்றும்? உங்கள் அலுவலகத்தில் நடந்தது நேர்மாறு. இந்தப் புதிருக்கும் பதில் வர ஆரம்பித்துவிட்டது. 2025-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் சம்பளப் பட்டியல் விவரங்களைப் பார்த்தபோது, ஏ.ஐ. அதிகம் நுழைந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே தொழில்களில் வயது கூடியவர்கள் நிலையாக நின்றார்கள். புதியவரின் கையைப் பிடித்து வேகப்படுத்தக்கூடிய கருவி, "இவ்வளவு புதியவர்கள் எதற்கு?" என்றும் முதலாளியைக் கேட்க வைக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் யாராவது இதை யோசித்திருக்கிறார்களா? நீங்கள் பதினெட்டு வருடத்துக்கு முன் சேர்ந்தபோது சந்தேகமான ஃபைல்களையா கொடுத்தார்கள்? எளிய பில்களைத்தான் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்ததுமே எங்கேயோ இடிக்கிறதே என்று உறுத்தும் கண் வந்தது. எளிய ஃபைல் எல்லாம் மென்பொருளுக்குப் போய்விட்டால், அடுத்த ஆளுக்கு அந்தக் கண் எங்கிருந்து வரும்? லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே தொழிற்சாலைகளை வைத்து இதை எழுதிவிட்டார்: வழக்கமான வேலையை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரம் தடுமாறும் மிகக் கடினமான நேரத்தில் மட்டும் மனிதனைக் கூப்பிடுகிறோம், ஆனால் பழக்கம் விட்டுப்போனதால் அந்த நேரத்தில் அவனுக்குக் கை வராது. உங்கள் நிறுவனம் நாலு பேரின் சம்பளத்தை மிச்சம் பிடித்திருக்கிறது. பத்து வருடம் கழித்து உங்கள் நாற்காலியில் உட்கார வேண்டியவர்களையும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறது. நீங்கள் பேரம் பேச வேண்டிய இடம் இது.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்டார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. ஏ.ஐ.யைப் பயன்படுத்தியதே குற்றம் என்று நீதிபதி சொல்லவில்லை. மனுவில் இருப்பதைச் சரிபார்க்கும் பொறுப்பு வழக்கறிஞருடையது என்றார். அபராதம் மென்பொருளுக்குப் போகவில்லை, கையெழுத்துப் போட்டவருக்குப் போனது. உங்கள் துறையிலேயே இன்னும் நேரடியான உதாரணம் இருக்கிறது. மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்ற காரணத்தைச் சொல்லிக் காப்பீட்டைக் கணினி மட்டுமே மறுக்கக் கூடாது, உரிமம் பெற்ற மருத்துவரோ தகுதியுள்ள மருத்துவத் துறை நிபுணரோதான் முடிவு செய்ய வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை முழுக்க முழுக்க இயந்திரம் எடுத்தால், மனிதர் ஒருவர் தலையிட வேண்டும் என்று கேட்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-லிருந்து நடைமுறையில் உள்ளது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்களே தேடிப் படியுங்கள். கோர்ஸைவிட முக்கியமான வீட்டுப்பாடம் அது.

ஒரு பாலிசிதாரர் போன் செய்து, "என் அப்பாவின் ஆபரேஷனுக்கு ஏன் பணம் தரவில்லை?" என்று கேட்கும்போது யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். "சிஸ்டம் அப்படிச் சொல்கிறது" என்பதைக் கேட்டுக்கொண்டு யாரும் போனை வைக்க மாட்டார்கள். அந்தப் பதிலைச் சொல்லத் தகுதியும் அதிகாரமும் உள்ள ஆளாக நீங்கள் மாற வேண்டும். நான் சொல்ல நினைப்பது மொத்தமும் இவ்வளவுதான். மென்பொருளைத் திருத்துகிறவர் என்பது தற்காலிகப் பதவி. முடிவுக்குப் பொறுப்பேற்பவர் என்பது நிலைக்கக்கூடிய பதவி. இப்போது உங்களிடம் முதலாவதுதான் இருக்கிறது.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த ஞானம் இல்லை. நான் பணியாளர் துறையில் இருந்த காலத்தில், வேலை பார்த்த நிறுவனத்தில் தட்டச்சுப் பிரிவை மூடினார்கள். கடிதங்களை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். அந்தப் பிரிவிலேயே மிக வேகமாகத் தட்டச்சு செய்த பெண்மணி வேலை இழந்தார். வேகம் சுமாரான இன்னொருவர் தப்பினார். எந்த வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தை மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது எங்கள் அதிகாரி ஒருவருக்கும் தெரிந்திருந்தது. முதலாமவருக்கும் அது எல்லாமே தெரியும் என்பதை அவர் போன பிறகுதான் புரிந்துகொண்டேன். அவர் சொல்லிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

அதனால் நாளைக் காலையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இரண்டு வாரம் போதும். மென்பொருள் சொன்னதை அப்படியே ஏற்ற ஃபைல்களுக்கு எண்ணிக்கை மட்டும் போதும். விதியைத் தப்பாகப் படித்ததால் நீங்கள் திருத்தியவற்றுக்கு ஒரு வரி. மூன்றாவதாக ஒரு வகை வரும்: மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்தது, டாக்டரின் குறிப்பில் சொல்லாமல் விட்டதை ஊகித்தது, விதிப்படி மறுக்கலாம் என்றாலும் மறுப்பது நியாயம் இல்லை என்று மேலதிகாரிக்கு எழுதியது. இவற்றை விரிவாக எழுதுங்கள். வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களை எழுத வேண்டாம், எதனால் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை எழுதுங்கள். முதல் இரண்டு வகையும் போகப்போகச் சுருங்கும், அதில் சந்தேகம் வேண்டாம். மூன்றாவது வகை எத்தனை பக்கம் வருகிறது என்று பாருங்கள். நிறைய வந்தால் உங்கள் பதவி உயர்வுக்கான மனு அதுதான். ஒன்றிரண்டுதான் வந்தால், இந்தப் பிரிவிலிருந்து மேல்முறையீட்டுப் பிரிவுக்கோ, குறைதீர்ப்புக்கோ, மோசடி விசாரணைக்கோ, தணிக்கைக்கோ இப்போதே நகரப் பாருங்கள். ஆள் குறைப்புப் பட்டியல் வந்த பிறகு உள் மாற்றம் கேட்டால் கெஞ்சுவதாக ஆகிவிடும். டீம் லீடராக இருக்கும்போது கேட்டால் அது விருப்பம்.

நோட்டுப் புத்தகத்தோடு மேலாளரிடம் போங்கள். மறுக்கப்படும் கிளெய்ம்களுக்குக் கடைசி முடிவு யாருடைய பெயரில் போகிறது, நான் திருத்தியவை யார் கணக்கில் பதிவாகின்றன, எளிய ஃபைல்களில் ஒரு பங்கையாவது புதியவர்கள் கையால் பார்க்க ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆரம்பத்தில் சிரிப்பார்கள். மென்பொருளின் தரத்தைச் சோதிக்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையை மனிதர் தனியாகப் பார்த்து ஒப்பிட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். அதே விஷயம்தான், ஆனால் சிரிக்க மாட்டார்கள். பேசியதை அன்றைக்கே ஒரு மெயிலாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

மென்பொருளுக்குத் தெரியாததை வேண்டுமென்றே சொல்லிக் கொடுக்காமல் விட்டால் என்ன என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விடாதீர்கள். நீங்கள் திருத்தாமல் விட்ட தவறு ஒரு நோயாளியின் வீட்டுக்கு மறுப்புக் கடிதமாகப் போகும். தவிர, உங்களுக்குத் தெரிந்ததை இன்னொரு கிளையில் யாரோ ஒருவர் எப்படியும் திருத்திக் கொடுத்துவிடுவார்.

கோர்ஸ் விஷயம் சுருக்கமாக. மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்ட வேண்டாம். இந்தக் கருவிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முகம் காட்டுகின்றன. பாடத்திட்டம் அச்சாவதற்குள் பழசாகிவிடும். ஏ.ஐ.யைப் பயன்படுத்தும் பழக்கம் உங்களுக்கு அலுவலகத்திலேயே சம்பளத்தோடு கிடைக்கிறது. படித்தே ஆக வேண்டும் என்றால் காப்பீட்டுச் சட்டம், தணிக்கை, குறைதீர்ப்பு நடைமுறை ஆகியவற்றில் உங்கள் துறையே ஏற்கும் தேர்வு எழுதுங்கள்.

வேலையை விட்டுவிட்டு ஆன்லைனில் தனி வேலைகள் எடுப்பது எனக்குச் சுத்தமாகச் சம்மதமில்லை. வீட்டிலிருந்தபடி துண்டு துண்டாகக் கிடைக்கும் எழுத்து வேலை, ஆவணம் சரிபார்க்கும் வேலை எல்லாம் எந்த அலையிலிருந்து தப்பி ஓட நினைக்கிறீர்களோ அதன் வாயிலேயே இருக்கின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த சில மாதங்களிலேயே, எழுத்து சார்ந்த தனி வேலை எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் வேலையும் வருமானமும் குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்தன. அங்கே உங்களுக்கு விடுப்பு இல்லை, காப்பீடு இல்லை, பதினெட்டு வருட அனுபவத்துக்கும் மதிப்பு இல்லை. ரேட்டிங் ஒன்றுமில்லாத புது ஆள் நீங்கள்.

உங்களுக்குத் தேவை வேறு வேலை இல்லை, இந்த வேலையிலேயே வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்கும் வசதி. தயக்கமில்லாமல் கேளுங்கள். சீனாவின் ட்ரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் வீட்டு வேலை கொடுத்துப் பார்த்தார்கள். 2024-ல் முடிவு வெளியானது. வேலையின் தரத்திலும் பதவி உயர்விலும் வித்தியாசமே இல்லை. ராஜினாமா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அனுபவசாலியை இழந்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் போடத் தெரிந்த எந்த மேலாளருக்கும் இது புரியும்.

மாமியாரைப் பற்றி ஒன்று கேட்கலாமா? கோர்ஸில் சேரச் சொல்லும் கணவர், தன் அம்மாவுக்காக எந்த இரண்டு நாள் வீட்டிலிருக்கப் போகிறார் என்று கடிதத்தில் இல்லை. அவர் அலுவலகத்திலும் அதே கோரிக்கையை வைக்கலாம். 2030-ல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. படுக்கையில் இருக்கும் பெற்றோருக்காக வேலையை விடுவது யார் என்ற கேள்வி இனி எல்லா வீட்டிலும் வரும். எதிர்கால வேலை என்று பேசும்போது எல்லோரும் ரோபோவைப் பற்றிப் பேசுகிறார்கள், இதைப் பேசுவதில்லை. உங்கள் வேலைக்கு இப்போதைக்கு மென்பொருளைவிடப் பெரிய ஆபத்து இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மகளுக்கு: அவளுக்குப் பிடித்த துறையை அவளே எடுக்கட்டும். எதை எடுத்தாலும், படிக்கும் காலத்திலேயே வேலை தெரிந்த ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள இடமாகப் பார்க்கட்டும். பயிற்சிக் காலமோ, ஆய்வகமோ, களப்பணியோ எதுவானாலும் சரி. நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. அதனால் சேரும்போதே கொஞ்சம் கற்றவளாகப் போவது நல்லது. வீட்டுப்பாடத்தை ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கினால் அந்தக் கொஞ்சமும் போய்விடும் என்று மட்டும் சொல்லி வையுங்கள். கேட்பாளா தெரியாது.

மேலாளரைப் பார்த்த பிறகு எழுதுங்கள். அந்த மூன்றாவது வகையில் எத்தனை பக்கம் வந்தது என்று அறிய ஆவலாக இருக்கிறேன். முடிந்தால், போன அந்த நால்வரில் யாராவது இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு போன் செய்து கேட்டு அதையும் எழுதுங்கள்.